இலங்கை மலைநாட்டில் கார் ரேடியோ: செட்டைக் குறை சொல்லுமுன் வயரைப் பாருங்கள்

ஜூன் 7, கேள்வி

"அண்ணே, நான் ஹட்டன். ஜப்பான் ரீகண்டிஷன் டொயோட்டா விட்ஸ் ஒன்று எடுத்தேன். அதோடு வந்த செட்டில் தமிழ் சேனல் ஒன்றுமே பிடிக்கவில்லை. ஆண்ட்ராய்டு செட் வாங்கிப் பூட்டினேன். பூட்டியவர் வண்டியின் சொக்கட்டை வெட்டிவிட்டு வயரை முறுக்கி டேப் சுற்றிக் கொடுத்தார். இப்போது பாட்டு வருகிறது. ஆனால் கொட்டகலை தாண்டினால் இரைச்சல்தான். இரண்டு நாள் வண்டி எடுக்காமல் விட்டால் ஸ்டார்ட்டும் ஆவதில்லை. செட் சரியில்லை, வேறு மாற்றுங்கள் என்கிறார்கள். மாற்றவா?"

ஜூன் 7, இரவு

மாற்ற வேண்டாம் தம்பி. நீங்கள் சொன்ன மூன்றில் ஒன்றுகூட புதுச் செட்டின் கோளாறு போலத் தெரியவில்லை. பழைய செட்டில் தமிழ் சேனல் வராதது ஜப்பான் அலைவரிசை விஷயம். கொட்டகலை தாண்டி இரைவது ஏரியல் விஷயம். பெட்டரி இறங்குவது மஞ்சள் வயருக்கும் சிவப்பு வயருக்கும் உள்ள விஷயம். நம் பக்கத்தில் ரேடியோவுக்கென்று ஒதுக்கும் காசில் பாதியை ஏரியலுக்கும் எர்த்துக்கும் ஜொயின்டுக்கும் செலவழிக்க வேண்டும் என்பது என் கட்சி. சமவெளியில் எந்தத் துண்டு வயரைச் சொருகினாலும் ஏதோ பாடும். இங்கே ஒவ்வொரு வளைவிலும் ஒரு மலை குறுக்கே நிற்கிறது.

இன்றைக்குப் பெட்டரியை மட்டும் பார்ப்போம். நாளைக் காலை உங்களை நடுரோட்டில் விடப்போவது அதுதான்.

செட்டின் பின்னால் மூன்று வயர் முக்கியம். மஞ்சள், சாவி எடுத்த பிறகும் 12 வோல்ட் இருக்கும் இடத்துக்குப் போகவேண்டும். ஸ்டேஷன் ஞாபகமும் கடிகாரமும் அதில்தான் உயிரோடு இருக்கின்றன, சத்தம் கூட்டும்போது இழுக்கிற பெரிய கரன்டும் பெரும்பாலான செட்களில் அதன் வழியாகத்தான் வருகிறது. சிவப்பு, சாவியை ஏசிசிக்கு (எஞ்சின் ஓடாமல் ரேடியோ மட்டும் வேலைசெய்யும் நிலைக்கு) திருப்பினால் மட்டும் கரன்ட் வரும் இடத்துக்கு. செட்டை எழுப்புவதும் தூங்கவைப்பதும் சிவப்பின் வேலை. கறுப்பு எர்த், வண்டிப் பாடிக்குப் போவது.

அவசரத்தில் பூட்டுகிறவர்கள் சிவப்பையும் மஞ்சளையும் சேர்த்து முறுக்கி நிரந்தரக் கரன்டில் கொடுத்துவிடுவார்கள். பாட்டு வரும், வாடிக்கையாளர் சந்தோஷமாகப் போய்விடுவார். ஆனால் செட் தூங்கவே தூங்காது. திரையை அணைத்தாலும் உள்ளே கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். அரை ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-மணி, இரண்டு நாளில் 24. உங்கள் வண்டியில் இருப்பது 35 ஆம்பியர்-மணிப் பெட்டரி என்றால், இரண்டாம் நாள் இரவு ஹட்டன் குளிரில் நின்ற வண்டி விடிய ஸ்டார்ட் ஆகாததில் ஆச்சரியம் இல்லை.

டொயோட்டாவின் 10 கால் சொக்கட்டில் நீலத்தில் மஞ்சள் கோடு போட்டது நிரந்தரக் கரன்ட், சாம்பல் ஏசிசி, பிரவுன் எர்த். ஆனால் நிறத்தை நம்பி மட்டும் பூட்டாதீர்கள். நமக்கு முன்னால் யார் யார் கைவைத்தார்களோ தெரியாது. மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, சாவி இல்லாமல் ஒரு தடவை, ஏசிசியில் ஒரு தடவை பாருங்கள். சாவி இல்லாமலே 12க்கு மேல் காட்டுவது மஞ்சளுக்கு. ஏசிசியில் மட்டும் காட்டுவது சிவப்புக்கு.

ஜூன் 8, காலை

நேற்று எழுதியதற்கு முன்னால் இதைப் படியுங்கள். வயரில் கைவைக்குமுன் பெட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றுங்கள். வோல்ட் பார்க்கும் நேரம் மட்டும் திரும்பப் போடலாம். டேஷ்போர்டுக்குள்ளே மஞ்சள் உறை போட்ட வயரோ மஞ்சள் சொக்கட்டோ கண்ணில் பட்டால் அது ஏர்பேக். மீட்டரும் வேண்டாம், பல்ப் டெஸ்டரும் வேண்டாம், அந்தப் பக்கமே போகவேண்டாம்.

ஜப்பான் நேவிகேஷன் செட் இன்னும் வண்டியில் இருக்கிறவர்களுக்கு ஒன்று: பெட்டரியைக் கழற்றினால் அவற்றில் பல பூட்டிக்கொண்டு ஜப்பான் எழுத்தில் பாஸ்வேர்ட் கேட்கும். அதைத் திறப்பது பெரும்பாடு. அந்த செட் வேண்டுமென்றால் பெட்டரி மாற்றும்போதுகூட வேறொரு பெட்டரியை இணையாகக் கொடுத்துக்கொண்டுதான் மாற்றவேண்டும்.

ஜூன் 8, இரவு

ஹட்டன் தம்பி டேப்பைப் பிரித்துப் படம் அனுப்பியிருக்கிறார். சிவப்பும் மஞ்சளும் ஒரே முறுக்கில் நீல-மஞ்சள் வயரோடு. சாம்பல் வயர் வெறுமனே தொங்குகிறது.

பிரித்துக் கொடுத்த பிறகும் அளந்து பார்க்கவேண்டும். மீட்டரின் சிவப்பு முனையை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, பெட்டரி நெகட்டிவுக்கும் கழற்றிய கம்பிக்கும் நடுவே வையுங்கள். கதவெல்லாம் மூடியிருக்கவேண்டும். மீட்டர் நடுவில் இருக்கும்போது சாவியைத் திருப்பக்கூடாது, ஸ்டார்ட்டர் இழுத்தால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். பத்து இருபது நிமிஷம் விட்டால் வண்டி முழுதாகத் தூங்கும். அப்போது 50 மில்லிஆம்பியருக்குக் கீழே நின்றால் நிம்மதி. நானூறு ஐந்நூறு என்று நின்றால் எதுவோ விழித்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்குங்கள், எதைப் பிடுங்கும்போது எண் சரிகிறதோ அந்த வழியில்தான் ஓட்டை.

ஜூன் 10

கண்டியிலிருந்து ஒருவர் எழுதுகிறார்: "பழைய ஜப்பான் செட்டே போதும், பேண்ட் எக்ஸ்பாண்டர் ஒன்று போட்டால் எல்லாம் வரும், ஆண்ட்ராய்டு வீண் செலவு."

பாதி சரி. ஜப்பானில் எஃப்.எம். 76 மெகாஹேர்ட்ஸில் தொடங்கி 90இல் முடிந்தது. 90க்கு மேலே 108 வரைக்கும் அவர்களுடைய அனலொக் தொலைக்காட்சியின் முதல் மூன்று சேனல்கள் உட்கார்ந்திருந்தன. 2011-12இல் அனலொக் தொலைக்காட்சியை நிறுத்திய பிறகு 95 வரை எஃப்.எம்முக்கு நீட்டினார்கள். நமக்கோ 87.5இலிருந்து 108 வரை. நம்முடைய தமிழ் நிலையங்கள் பெரும்பாலும் 100க்கு மேலே இருக்கின்றன. ஆக, ஜப்பான் செட்டில் ஏதோ இரண்டு மூன்று நிலையம் கீழ்க்கோடியில் பாடும், சூரியன் எஃப்.எம்மும் சக்தி எஃப்.எம்மும் வரவே வராது. செட் பழுதில்லை. அது பிறந்த ஊரின் அளவுக்குச் செய்யப்பட்டது.

எக்ஸ்பாண்டர் என்பது ஏரியலுக்கும் செட்டுக்கும் நடுவே சொருகும் சின்னப் பெட்டி. வருகிற அலையிலிருந்து ஒரு நிலையான எண்ணைக் கழித்துச் செட்டுக்குக் கொடுக்கும். 18 கழிக்கும் பெட்டி என்றால் 103.4இல் இருப்பது 85.4இல் கேட்கும். 94 முதல் 108 வரை உள்ளதெல்லாம் 76 முதல் 90க்குள் வந்துவிடும். தமிழ் கேட்க அது போதும். 14 கழிக்கும் பெட்டி என்றால் 104இல் நின்றுவிடும். கடையில் கேட்கவேண்டிய கேள்வி அந்த எண்தான், விலை அப்புறம்.

பெட்டிக்கும் 12 வோல்ட் வேண்டும். அதன் சிவப்பு ஏசிசிக்கு, கறுப்பு பாடியில் பெயின்ட் சுரண்டிய இடத்துக்கு. எர்த் சரியில்லையென்றால் பெட்டியே இரைச்சலை உண்டாக்கும்.

ஜூன் 11

இரவு முழுக்க அந்த எக்ஸ்பாண்டர் விஷயம் மண்டைக்குள் ஓடியது. கண்டி அண்ணனுக்கு ஒன்று சேர்க்கவேண்டும். கண்டியில் நன்றாக வேலைசெய்கிற பெட்டி இங்கே மேலே வந்தால் தடுமாறும். அலை பலமாக இருக்கும் ஊரில் பெட்டி சேர்க்கும் இரைச்சல் காதில் விழாது. பொகவந்தலாவை, மஸ்கெலியா மாதிரி நாலு பக்கமும் மலை சூழ்ந்த இடத்தில் வருகிற அலையே மெல்லியது. அதில் பெட்டியின் இரைச்சலும் சேர்ந்தால் நிலையம் முங்கிப்போகும். அது போதாதென்று, 87.5க்கும் 90க்கும் நடுவே பலமாக ஒலிக்கிற நிலையம் இருந்தால் மாற்றமில்லாமலே பெட்டியைத் தாண்டி உள்ளே நுழைந்து, கழித்து வந்த நிலையத்தின் மேல் உட்கார்ந்துகொள்ளும். ஒரே எண்ணில் இரண்டு பேர் பேசுவது அதனால்தான்.

எனவே என் தீர்ப்பு: டவுனுக்குள்ளேயே ஓடும் வண்டிக்கு எக்ஸ்பாண்டர் போதும். ஹட்டன், நுவரெலியா, பதுளை என்று சுற்றும் வண்டிக்கு 108 வரை நேராகப் பிடிக்கும் செட் வேண்டும். அது ஆண்ட்ராய்டாக இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. சாதாரண ஒற்றை டின் செட்களில் (உயரம் குறைந்த, பெரிய திரை இல்லாதவை) ரேடியோ பகுதி பலதடவை அதைவிட நன்றாகவே இருக்கிறது. திரையைப் பார்த்து வாங்குகிறோம், காதுக்கு வருவது அலையைப் பிடிக்கும் டியூனர்.

போனில் உள்ள பாட்டை மட்டும் கேட்கிறவர்களுக்கு ஜப்பான் செட்டிலேயே வழி உண்டு. சிகரெட் லைட்டரில் சொருகும் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டரை 87.5க்கும் 90க்கும் நடுவே காலியாக உள்ள ஒரு எண்ணில் வையுங்கள். ஜப்பான் செட்டுக்கும் அதற்கும் பொதுவான இடம் அவ்வளவுதான்.

ஜூன் 14

ஏரியல். எனக்கு மிகவும் பிடித்த பகுதி, அதனால் நீளும்.

தம்பியிடம் ஏரியல் கம்பி எவ்வளவு நீளம் என்று கேட்டேன். விரல் நீளக் கட்டை ஒன்று, அழகுக்காக மாற்றியது என்கிறார். கணக்குப் பாருங்கள். 300ஐ மெகாஹேர்ட்ஸால் வகுத்தால் அலையின் நீளம் மீட்டரில் வரும். 100 மெகாஹேர்ட்ஸுக்கு 3 மீட்டர். அதில் கால் பங்கு, 75 சென்டிமீட்டர், நல்ல கம்பி ஏரியலுக்கு இயல்பான நீளம். கட்டையைப் பூட்டினால் பிடிப்பு குறைந்தே தீரும். கட்டைக்குள்ளே கம்பியைச் சுருளாகச் சுற்றி ஓரளவு ஈடுகட்டுவார்கள், அவ்வளவுதான். இன்னும் மோசம், கூரையில் டேப்பால் ஒட்டும் சுறாத் துடுப்பு. சிலதுக்குள்ளே வயரே கிடையாது, வெறும் பிளாஸ்டிக்.

கம்பிக்குக் கீழே நடப்பது இன்னும் முக்கியம். என் வேனில் ஏரியல் முன்பக்கச் சிறகில் (முன்சில்லுக்கு மேலுள்ள தகட்டில்). மழைக்காலம் வந்தால் பிடிப்பு மங்கும், தை மாசி வெயிலில் தேறும். வெயிலுக்கும் ரேடியோவுக்கும் என்ன உறவு என்று அடிப்பாகத்தைக் கழற்றிப் பார்த்தேன். ரப்பர் வளையம் வெடித்து, தண்ணீர் கேபிளுக்குள்ளேயே இறங்கியிருந்தது. கேபிளின் மேல் உறையைக் கத்தியால் சீவினால் பின்னல் கம்பி செம்பு நிறத்தில் மின்னவேண்டும். இதில் கறுத்து, விரலால் தேய்த்தால் மாவாக உதிர்ந்தது. அடியில் பாடியைத் தொடும் நட்டைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. அந்த நட்டுதான் ஏரியலின் எர்த். அது போனால் கம்பி எவ்வளவு நீளமாக இருந்தும் பயனில்லை.

கறுப்பு படிந்த கேபிளைச் சுத்தம் செய்ய முயலாதீர்கள், அந்தக் கறுப்பு அடிக்கணக்கில் உள்ளே போயிருக்கும். முழுசாக மாற்றுங்கள். பாடியை உப்புத்தாளால் வெள்ளித் தகடு தெரியும்வரை தேய்த்து, கிரீஸ் பூசி, புது ரப்பர் வைத்து இறுக்குங்கள். வருஷம் பாதி நனைந்தே கிடக்கிற ஊரில் இந்த ரப்பர் வளையம்தான் ரேடியோவின் ஆயுள்.

சோதிக்க மீட்டர் போதும். ஏரியல் பிளக்கை செட்டிலிருந்து பிடுங்குங்கள். பிளக்கின் வெளிவளையத்துக்கும் வண்டிப் பாடிக்கும் நடுவே ஓம் கிட்டத்தட்ட பூச்சியம் காட்டவேண்டும். நடுமுனைக்கும் வெளிவளையத்துக்கும் நடுவே சாதாரணக் கம்பி ஏரியலில் தொடர்பே இருக்கக்கூடாது, நடுமுனைக்கும் கூரைக் கம்பிக்கும் நடுவே தொடர்பு இருக்கவேண்டும். மீட்டர் இல்லையா? செட் பாடும்போது பிளக்கைப் பிடுங்குங்கள். இரைச்சலில் ஒரு மாற்றமும் இல்லையென்றால் ஏரியல் செத்துக் கிடக்கிறது. செட்டின் ஏரியல் துளையில் 75 சென்டிமீட்டர் வயரைச் சொருகி ஜன்னலுக்கு வெளியே விட்டதும் தெளிவாகப் பாடினால் செட் சுகமாக இருக்கிறது என்று அர்த்தம். காசு கொடுத்து செட் மாற்றுமுன் எல்லோரும் இந்த ஒரு சோதனையைச் செய்யவேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

ஜூன் 14, பின்னேரம்

விட்டுப்போனது: நீல வயர். பின்கண்ணாடியில் கோடு கோடாக ஏரியல் ஓடும் வண்டிகளிலும், அடியில் பூஸ்டர் உள்ள கூரை ஏரியல்களிலும், அந்த பூஸ்டருக்கு 12 வோல்ட் கொடுத்தால்தான் அலை வரும். பழைய செட் அதைத் தானே கொடுத்துக்கொண்டிருந்தது. புது செட்டில் அதற்கென்று நீல வயர் இருக்கும், பூட்டுகிறவர் "இது வேண்டாத வயர்" என்று டேப் சுற்றி மடக்கிவிடுவார். செட் மாற்றியதிலிருந்து ரேடியோ பிடிப்பு போய்விட்டது என்று சொல்லும் எல்லோரும் முதலில் பார்க்கவேண்டியது இதுதான்.

தனியாக பூஸ்டர் வாங்கிப் போடலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். கேபிளும் எர்த்தும் சரியான பிறகு போடுங்கள். பூஸ்டர் நிலையத்தை மட்டும் பெரிதாக்காது, இரைச்சலையும் சேர்த்துப் பெரிதாக்கும்.

ஜூன் 15

பண்டாரவளை அக்கா எழுதியது: காலையில் தெளிவாக இருக்கும் ரேடியோ, பிள்ளையை ஸ்கூலுக்கு விட்டுத் திரும்பும்போது மட்டும் இரைகிறதாம். ஏரியல் மாற்றியும் அதே கதை.

அக்கா, திரும்பும்போது போனை சார்ஜில் போடுகிறீர்களா? லைட்டரில் சொருகும் மலிவு யூஎஸ்பி சார்ஜர் எஃப்.எம்முக்குப் பரம எதிரி. உள்ளே கரன்டை வேகவேகமாக வெட்டி வெட்டித்தான் 5 வோல்ட் ஆக்குகிறது, அந்த வெட்டு முழுக்க அலையாகப் பரவும். டேஷ்கேம், மலிவு எல்இடி பல்ப் எல்லாம் இதே ஜாதி. ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் காது கொடுத்துப் பாருங்கள்.

(மாலை: சார்ஜர்தான் என்று அக்கா உறுதிப்படுத்திவிட்டார்.)

ஜூன் 16

தம்பி நீளக் கம்பி வாங்கிப் பூட்டி, எர்த்தும் சுரண்டிச் சரிசெய்துவிட்டார். கொட்டகலையில் இப்போது சுத்தம். தலவாக்கலை இறக்கத்தில் இன்னும் இரண்டு இடத்தில் முறிகிறதாம்.

அதில் கொஞ்சத்தை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். எஃப்.எம். அலை நேர்கோட்டில் போவது, மலையைச் சுற்றி வளைந்து வராது. பள்ளத்துக்குள் இறங்கினால் நேராக வருவது நின்று, எதிர்மலையில் பட்டுத் திரும்பியது மட்டும் வரும். இரண்டும் கொஞ்சம் முன்பின்னாக வந்து சேரும் இடத்தில் ஸ்டீரியோ முதலில் கெடும். செட்டில் மோனோவுக்கு (இரண்டு பக்கமும் ஒரே சத்தம்) மாற்ற வழி இருந்தால் மாற்றுங்கள், இரைச்சலில் பெரும்பகுதி அடங்கும். 'லோக்கல்' என்ற பொத்தான் அமர்ந்திருந்தால் எடுத்துவிடுங்கள், அது தூர நிலையங்களைத் தேடாமல் தாண்டிவிடும்.

அப்புறம் ஞாபகப் பொத்தான்கள். ஒரே நிலையம் வெவ்வேறு மலையிலிருந்து வெவ்வேறு எண்ணில் ஒலிக்கும். ஜப்பான் செட்களிலும் மலிவு செட்களிலும் தானாக மாறிக்கொள்ளும் வசதி கிடையாது. நான் ரோட்டுப்படி சேமித்திருக்கிறேன். முதல் வரிசை கினிகத்தேனையிலிருந்து ஹட்டன் வரை எது நன்றாக வருகிறதோ அது, இரண்டாவது நானுஓயா, நுவரெலியா, மூன்றாவது வெலிமடை, பண்டாரவளை. ஹப்புத்தளையில் மலை முதுகைத் தாண்டி பெரகலை பக்கம் இறங்கினால் தெற்கு முழுக்கத் திறந்து கிடக்கும், அதுவரை கேட்காத நிலையங்களெல்லாம் வரிசையாக வரும். ஒரு தடவை நிதானமாகப் போய்த் தேடிச் சேமித்தால் வருஷக்கணக்குக்கு உதவும்.

இன்னொன்று. ஆண்ட்ராய்டு செட்டில் ரேடியோ எந்தப் பிராந்தியத்துக்கு வைத்திருக்கிறது என்று பாருங்கள். அமெரிக்கா என்று இருந்தால் எண் 0.2 ஆகத் தாவும், கடைசி இலக்கம் ஒற்றைப்படையில்தான் நிற்கும். 103.3, அடுத்து 103.5. நடுவே 103.4இல் உள்ள நிலையம் இரண்டிலும் கரகரக்கும், ஒன்றிலும் சரியாக உட்காராது. ஐரோப்பா என்று மாற்றினால் தீரும். மீடியம் வேவுக்கும் அப்படியே: அமெரிக்கா 10 கிலோஹேர்ட்ஸ் படி, நமக்கு 9. செட்டிங்ஸில் கடவுச்சொல் கேட்டால் விற்றவரிடம் கேளுங்கள். பல செட்களில் 8888 அல்லது 126.

ஜூன் 18

ஸ்பீக்கர் பற்றிக் கேட்டவருக்கு. வெட்டிய சொக்கட்டில் எது எந்த ஸ்பீக்கர் என்று கண்டுபிடிக்க ஒரு டோர்ச் பெட்டரி போதும், 1.5 வோல்ட். இரண்டு வயரைப் பெட்டரியின் இரு முனையிலும் ஒரு கணம் தொடுங்கள். எந்தக் கதவில் 'டிக்' என்று கேட்கிறதோ அந்த ஜோடி அது. வலையைக் கழற்றிக் காகிதக் கூம்பைப் பாருங்கள். வெளியே தள்ளினால் பெட்டரியின் பொசிட்டிவ் தொட்ட வயர் பொசிட்டிவ். உள்ளே இழுத்தால் நெகட்டிவ். ஒரு கதவு நேராகவும் மறு கதவு தலைகீழாகவும் பூட்டினால் இரண்டும் ஒன்றையொன்று தின்று, பறைச் சத்தமெல்லாம் மெலிந்துபோகும். "செட் மாற்றியதிலிருந்து பேஸ் இல்லை" என்பதில் பாதி இதுதான்.

டொயோட்டாவில் முன் இடது ரோஸ் பொசிட்டிவ், ஊதா நெகட்டிவ். முன் வலது இளம்பச்சை பொசிட்டிவ், நீலம் நெகட்டிவ். 6 கால் சொக்கட்டில் பின் இடது கறுப்பு பொசிட்டிவ், மஞ்சள் நெகட்டிவ். பின் வலது சிவப்பு பொசிட்டிவ், வெள்ளை நெகட்டிவ். கவனம்: இந்தச் சிவப்பும் மஞ்சளும் கறுப்பும் ஸ்பீக்கர் வயர்கள். செட்டின் சிவப்போடு வண்டியின் சிவப்பை நிறம் பார்த்து முடிந்தால் அங்கேயே முடிந்தது.

பழைய கசெட் செட் காலத்துப் பழக்கத்தில் ஸ்பீக்கர் நெகட்டிவை பாடியில் முடியாதீர்கள். இப்போதைய செட்களில் ஸ்பீக்கரின் இரண்டு வயரும் ஆம்ப்ளிஃபயரிலிருந்தே ஓடுகின்றன. ஒன்று பாடியைத் தொட்டால் செட் தன்னைக் காத்துக்கொள்ள வாயை மூடும், மலிவு செட் என்றால் ஆம்ப்ளிஃபயர் ஐசி எரியும். கதவைத் திறந்து மூடும்போது பாட்டு நின்று நின்று வந்தால் கீல் பக்கம் ரப்பர் குழாய்க்குள் வயர் உரிந்து பாடியில் இடிக்கிறது.

ஜூன் 21

வெட்டிய சொக்கட்டுக்கு என்ன செய்வது என்று தம்பி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். கொழும்புப் பக்கம் யாராவது போனால் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் டொயோட்டாவின் ஆண், பெண் இரண்டு சொக்கட்டும் வயரோடு வாங்கிவரச் சொல்லுங்கள். ஒன்றை வண்டி வயரில் திரும்ப ஒட்டி, மற்றதை செட்டின் பக்கம் ஒட்டினால் வண்டி பழையபடி ஆகிவிடும். அடுத்தமுறை செட் மாற்றுவது வெறும் சொருகல்.

சொக்கட்டை வெட்டும் பழக்கம் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. சேர்ப்பு வயர் ஒன்றை வாங்கிச் சொருகினால் வண்டியின் வயரில் கத்தி படவே தேவையில்லை. கால் மணி நேரம் மிச்சம் பிடிப்பதற்காக வேறொருவரின் வண்டிக்கு ஆயுசுக்கும் ஒரு நோயை வைத்துவிட்டுப் போகிறார்கள்.

முறுக்கி டேப் சுற்றுவது இங்கே நிற்காது. பகலில் டேஷ்போர்ட் காய்கிறது, இரவில் பனி இறங்குகிறது, டேப்பின் பசை இளகி வயர் வெளியே வரும். ஈயம் வைத்து ஒட்டி, ஹீட் ஷ்ரிங்க் குழாயை முன்கூட்டியே வயரில் கோர்த்து, லைட்டர் நெருப்பைத் தூரப்பிடித்துச் சுருக்குங்கள். ஈயம் பழக்கமில்லையென்றால் நசுக்கு இணைப்பியும் நல்லதுதான், சரியான இடுக்கியால் நசுக்கவேண்டும். பல்லால் கடித்து உரிக்கிற வேலை வேண்டாம்.

ஜூன் 22

லொறிக்காரர்கள் வந்துவிட்டார்கள். பெரிய லொறியும் லேலண்ட் பஸ்ஸும் 24 வோல்ட், இரண்டு 12 வோல்ட் பெட்டரி தொடராக. "ஒரு பெட்டரியிலிருந்து மட்டும் 12 எடுத்தால் என்ன?" என்ன ஆகுமென்றால், ரேடியோ தின்னும் பெட்டரி எப்போதும் குறையில் இருக்கும், வண்டியின் ஓல்டர்னேட்டர் இரண்டையும் ஒன்றாகவே பார்த்துச் சார்ஜ் ஏற்றுவதால் மற்றது அளவுக்கு மீறி ஏறிக் கொதிக்கும். இரண்டுமே சீக்கிரம் போகும். 24ஐ 12 ஆக்கும் கன்வேர்ட்டர், குறைந்தது 10 ஆம்பியர் தருவது, போட்டே ஆகவேண்டும். அதை செட்டுக்குப் பக்கத்தில் வைக்காமல் தள்ளி வையுங்கள், அதுவும் யூஎஸ்பி சார்ஜர் மாதிரியே இரையும். டிமோ பட்டா சின்ன லொறிக்கு இந்தத் தொல்லை இல்லை, 12 வோல்ட்தான்.

த்ரீவீலரில் ரேடியோ இரைகிறது என்று கேட்ட தம்பிக்கு: எஞ்சினைக் கூட்டக் கூட்ட 'டக் டக் டக்' என்று வேகம் கூடுவது பிளக் பொறி. ரெசிஸ்டர் உள்ள பிளக்கோ கேப்போ மாற்றுங்கள். 'ஊய்ங்' என்று சுருதி ஏறினால் சார்ஜ் பக்கத்திலிருந்து எர்த் வழியாக வருகிறது. செட்டின் கறுப்பு வயரை அப்படியே பெட்டரி நெகட்டிவுக்கு இழுத்துப் பாருங்கள்.

ஜூலை 2

இடையில் ஒருவர், போன் இருக்கும்போது ரேடியோவுக்கு இவ்வளவு மெனக்கெடுவானேன் என்று எழுதியிருந்தார். எனக்குக் கோபம் இல்லை, ஆனால் பதில் சொல்லத் தோன்றுகிறது. ரம்பொடை ஏற்றத்தில் பனி இறங்கி, மழையும் அடித்து, போனில் ஒரு கோடுகூட இல்லாத நேரத்தில் வேன் நிறையப் பிள்ளைகளோடு நின்றிருக்கிறேன். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடும்போது அது எந்தப் பிரதேச செயலகப் பிரிவுக்கு என்று ரேடியோவில்தான் கேட்டேன், கேட்டுவிட்டு வண்டியைத் திருப்பினேன். 2014இல் மீரியபெத்தையில் மண்சரிவு என்ன செய்தது என்று நமக்கெல்லாம் தெரியும். மழைக்காலத்தில் மலைரோட்டில் ஓடும் வண்டிக்கு ரேடியோ பாட்டுப்பெட்டி மட்டும் இல்லை.

கொத்மலை சமூக வானொலியும் ஞாபகம் வருகிறது. வீட்டுக்கு வீடு இணையம் எட்டாத காலத்தில், 1990களின் இறுதியில் தொடங்கிய திட்டத்தில், நேயர்கள் கேட்பதை அங்கே இணையத்தில் தேடி ரேடியோவில் வாசித்தார்கள். ஒரு மலைப்பள்ளத்துக்குச் சின்ன டிரான்ஸ்மிட்டர் எவ்வளவு செய்யமுடியும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

ஜூலை 3

தம்பியின் கடைசிக் கேள்வி: செட்டின் பின்னால் உள்ள ஃபியூஸ் நேற்றுப் போனது, கடையில் 30 ஆம்பியர்தான் இருந்தது, போடவா?

போடவேண்டாம். அங்கே அச்சடித்திருப்பது 10 என்றால் 10, 15 என்றால் 15. பெட்டியில் எழுதியிருக்கிற "50 வாட் நான்கு" என்ற எண்ணைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அது உச்சக் கணக்கு, தொடர்ந்து வருவது ஒரு ஸ்பீக்கருக்குச் சுமார் 15 முதல் 20 வாட். அந்த ஃபியூஸே தாராளம். 30 போட்டால் அடுத்தமுறை ஃபியூஸுக்குப் பதிலாக வயர் எரியும். அதே அளவில் புதிது போட்டு, ஸ்பீக்கர் சொக்கட்டைக் கழற்றிவிட்டு ஓடவிடுங்கள். ஃபியூஸ் நின்றால் கோளாறு கதவுப் பக்கம், நான்கு ஜோடியையும் பாடியோடு ஓம் வைத்துப் பாருங்கள். உடனே போனால் கோளாறு செட்டுக்குள்ளேயே, அல்லது ஃபியூஸுக்கும் செட்டுக்கும் நடுவே மஞ்சள் வயர் எங்கோ நசுங்கியிருக்கிறது. செட்டைத் திரும்பத் தள்ளும்போது பின்பக்கத் தாங்கிக்குள் மாட்டியிருக்கும், அங்கே முதலில் பாருங்கள்.